ஒரே ஃபோட்டான் இரண்டு வழியாகப் போகுமா?

தக்கலை பக்கம் பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறாள்: “சார், ஒளி சில நேரம் அலையாகவும் சில நேரம் துகளாகவும் நடந்துகொள்ளும் என்று படிக்கிறோம். எப்போது எது என்று எப்படி முடிவாகிறது? ஒரு வீடியோவில் இரட்டைப் பிளவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணை வரைந்து, நாம் பார்த்தால் ஒளி துகளாகிவிடும், பார்க்காவிட்டால் அலையாக இருக்கும் என்றார்கள். நாம் பார்ப்பது ஒளிக்கு எப்படித் தெரியும்?”

முதலில் நேரடிப் பதில், மக்ளே. நாம் பார்ப்பது ஒளிக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் கண் படத்தை மனதிலிருந்து எடுத்துவிடு. இரண்டு மெல்லிய பிளவு வழியாக வரும் ஒளி, திரையில் வெளிச்சமும் இருட்டுமான பட்டைகளாக விழுமா விழாதா என்பதைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: ஃபோட்டான், அதாவது ஒளியின் துகள், எந்த வழியாக வந்தது என்பதற்கான தடயம் எங்கேயாவது பதிந்திருக்கிறதா? அந்தத் தடயத்தை மனிதர் யாராவது படித்தாரா என்பது கணக்கிலேயே வராது. “சில நேரம் அலை, சில நேரம் துகள்” என்று சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. ஒவ்வொரு ஃபோட்டானும் ஒவ்வொரு முறையும் இரண்டு குணத்தையும் சேர்த்தே காட்டுகிறது. போகும்போது பரவிப் போகிறது, விழும்போது ஒரே இடத்தில் முழுசாக விழுகிறது. இதை நம்பு என்று சும்மா சொல்லவில்லை. எந்தெந்தப் பரிசோதனை எதை நிரூபித்தது, எதை நிரூபிக்கவில்லை என்று பிரித்துப் பார்த்தால் உனக்கே விளங்கும்.

குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் போனால், கடலரிப்பைத் தடுக்கக் கல் போட்டுக் கட்டிய தூண்டில் வளைவுமேல் ஏறி நின்று கடலைப் பார். நேராக வரும் அலை, கற்களுக்கு நடுவே இருக்கும் வாய் வழியாக நுழைந்ததும் உள்ளே அரை வட்டமாக விரியும். அப்படி இரண்டு வாய் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டு விரிவும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். முகடும் முகடும் சேர்ந்த இடத்தில் தண்ணீர் எகிறும், முகடும் அகடும் சேர்ந்த இடம் அமைதியாகக் கிடக்கும். குறுக்கீட்டு விளைவு என்பது இவ்வளவுதான். ஒளியிலும் இது நடக்கிறது என்று காட்டியவர் லண்டனைச் சேர்ந்த தாமஸ் யங். நியூட்டன் ஒளியைத் துகள் என்று எழுதி வைத்திருந்த காலம் அது, எதிர்த்துப் பேசுவது லேசான காரியமல்ல.

யங் 1803 நவம்பரில் ராயல் சொசைட்டியில் விவரித்த சோதனையில் இரட்டைப் பிளவே கிடையாது. ஜன்னல் கதவில் ஒரு துளை போட்டு, அதைத் தடித்த காகிதத்தால் மூடி, அந்தக் காகிதத்தில் ஊசியால் சிறு ஓட்டை குத்தினார். உள்ளே வந்த வெயில் கற்றையின் நடுவே ஓர் அட்டைச் சீவலை விளிம்பு காட்டி நிறுத்தினார். அதன் அகலம் ஓர் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அட்டையின் நிழலுக்குள்ளேயே வெளிச்சமும் இருட்டுமாக மெல்லிய பட்டைகள் தெரிந்தன. அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அட்டையின் ஒரு பக்கமாக வரும் ஒளியை மட்டும் வேறொரு மறைப்பால் தடுத்தார். மறுபக்க ஒளி அப்படியே வந்துகொண்டிருந்தும், நிழலுக்குள் இருந்த பட்டைகள் மறைந்துவிட்டன. இரண்டு பக்க ஒளியும் சேர்ந்தால்தான் பட்டை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இதை நீ வீட்டிலேயே செய்யலாம். சாதாரண சிவப்பு லேசர் பாயிண்டர் போதும். தலைமுடி ஒன்றை அட்டைச் சட்டத்தில் இழுத்து ஒட்டி, லேசர் ஒளி முடியின்மேல் படும்படி வை. மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் குறுக்காக ஒரு வரிசைப் புள்ளிகள் விழும். முடியின் தடிமன் 0.07 மி.மீ., லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர் என்றால் இருண்ட இடங்கள் சுமார் 2.8 செ.மீ. இடைவெளியில் வரும். அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி, முடியின் தடிமனால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். கணக்கைத் திருப்பிப் போட்டால் உன் முடியின் தடிமனையே அளந்துவிடலாம். லேசரை யார் கண்ணிலும் படவிடாதே, கண்ணாடி மாதிரிப் பளபளப்பான பொருளையும் எதிரே வைக்காதே.

சரி, துகள் எங்கே வந்தது? ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் ஒளிமின் விளைவு உன் பாடத்தில் விரிவாகவே இருக்கிறது, அதனால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1887இல் ஹெர்ட்ஸ் கவனித்தது, 1905இல் ஐன்ஸ்டீன் விளக்கியது, 1916இல் மில்லிகன் அளந்து உறுதி செய்தது. பயன்தொடக்க அதிர்வெண் என்ற குறைந்தபட்ச அதிர்வெண்ணுக்குக் கீழே எவ்வளவு பிரகாசமான ஒளியைப் பாய்ச்சினாலும் எலக்ட்ரான் வெளியே வராது. பிறகு 1923இல் காம்ப்டன், எக்ஸ் கதிர் எலக்ட்ரானில் மோதி ஆற்றலை இழந்து சிதறுவதைக் காட்டினார்.

ஒளிமின் விளைவே ஃபோட்டானுக்குக் கடைசி நிரூபணம் என்று பல இடங்களில் சொல்வார்கள். அது முழுக்கச் சரியல்ல. ஒளியை அலையாகவே வைத்துக்கொண்டு, உலோகத்தின் எலக்ட்ரான்களை மட்டும் குவாண்டம் முறையில் கணக்கிட்டாலும் ஒளிமின் விளைவின் முக்கிய விதிகள் கிடைத்துவிடும் என்று லாம்பும் ஸ்கல்லியும் 1969இல் எழுதிக் காட்டினார்கள். ஐன்ஸ்டீன் சொன்னது தப்பு என்று இதற்குப் பொருளில்லை. அவர் முடிவு சரிதான், ஆனால் ஒளியே கட்டிக் கட்டியாகத்தான் வருகிறது என்பதற்கு இன்னும் கூர்மையான சோதனை தேவைப்பட்டது.

ஒளியை மங்கலாக்கிப் பார்த்தால் என்ன? இதைத்தான் ஜி. ஐ. டெய்லர் 1909இல் கேம்பிரிட்ஜில் செய்தார். ஓர் ஊசியின் நிழலைப் படம் எடுத்தார். நடுவே புகை படிந்த கண்ணாடிகளை வைத்து, ஒரு மைலுக்குச் சற்று அப்பால் எரியும் ஒற்றை மெழுகுவர்த்தியின் அளவுக்கு ஒளியைக் குறைத்தார். அந்தப் படத்தகட்டை சுமார் 2,000 மணி நேரம், கிட்டத்தட்ட மூன்று மாதம், ஒளியில் வைக்க வேண்டியிருந்தது. ஊசியின் விளிம்பில் ஒளி வளைவதால் வரும் விளிம்பு விளைவுப் பட்டைகள் கொஞ்சமும் மங்கவில்லை.

அவர் எவ்வளவு குறைக்க வேண்டியிருந்தது என்பதை உன் லேசரை வைத்தே கணக்கிடலாம். ஒரு மில்லிவாட் சிவப்பு லேசர் நொடிக்கு சுமார் 3,300 லட்சம் கோடி ஃபோட்டான்களை அனுப்புகிறது. ஒளி ஒரு மீட்டரைக் கடக்க 3.3 நானோநொடி ஆகும். ஆக, அந்த ஒரு மீட்டர் பாதையில் எந்த நேரம் பார்த்தாலும் ஒரு கோடிக்கும் மேலான ஃபோட்டான்கள் இருக்கும். ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்தால்தான் சராசரியாக ஒன்று என்ற நிலை வரும்.

ஆனால் சராசரியாக ஒன்று என்பது வேறு, ஒன்றே ஒன்று என்பது வேறு. மங்கலான விளக்கொளியில் சில நேரம் ஒன்றும் இருக்காது, சில நேரம் இரண்டு சேர்ந்து வரும். எவ்வளவு மங்கலாக்கினாலும் இந்தக் குணம் போகாது. அதனால் டெய்லரின் சோதனையும் கறாரான நிரூபணம் ஆகவில்லை. இந்த இடைவெளியை அடைக்க 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாரிஸுக்குப் பக்கத்தில் ஓர்சே என்ற ஊரில் கிராஞ்சியே, ரோஜே, அஸ்பே மூவரும் செய்த சோதனையை நிதானமாகப் பார்ப்போம். இதில் அஸ்பேக்கு 2022இல் நோபல் கிடைத்தது வேறு சோதனைகளுக்காக. ஆனால் இந்த ஒன்றையும் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பேன்.

கால்சியம் அணு ஒன்றை லேசரால் கிளர்வுறச் செய்தால் அது இரண்டு படியாகக் கீழே இறங்கும். முதல் படியில் 551 நானோமீட்டர் பச்சை ஃபோட்டான், அடுத்த சில நானோநொடிக்குள் 423 நானோமீட்டர் ஊதா ஃபோட்டான். பச்சை ஃபோட்டான் ஒரு கருவியில் விழுந்ததும் அது 9 நானோநொடிக்கு மட்டும் மற்ற கருவிகளைத் திறந்துவிடும். அந்த ஜன்னல் நேரத்துக்குள் வருவது பெரும்பாலும் அதே அணுவின் அந்த ஒரே ஊதா ஃபோட்டான்தான். இப்படித்தான் ஒற்றை ஃபோட்டானைப் பிடித்தார்கள்.

முதல் கட்டத்தில் அந்த ஊதா ஃபோட்டானைப் பாதி ஒளியை விட்டு மீதியைத் திருப்பும் கண்ணாடியில் விட்டார்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கருவி. ஒளி வெறும் அலை என்றால் அது பாதி பாதியாகப் பிரியும், அப்போது இரண்டு கருவியும் சேர்ந்து துடிப்பது குறைந்தபட்சம் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு நடந்தே ஆக வேண்டும். அந்த அளவை 1 என்று வைத்துக்கொள். எந்த அலைக் கோட்பாடும் 1க்குக் கீழே போக முடியாது. அவர்கள் அளந்தது 0.18. மங்கலாக்கிய சாதாரண ஒளித் துடிப்புகளை விட்டுப் பார்த்தபோது கிட்டத்தட்ட 1தான் வந்தது. ஃபோட்டான் பிரிவதில்லை, இந்தப் பக்கம் விழும் அல்லது அந்தப் பக்கம் விழும்.

அடுத்த கட்டத்தில் ஒளி மூலம் அதேதான். இரண்டு பக்கமும் போன பாதைகளைக் கண்ணாடிகளால் திருப்பி இன்னொரு பாதிக் கண்ணாடியில் சேர்த்தார்கள். ஒரு பாதையின் நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும்போது ஒரு கருவியின் எண்ணிக்கை ஏறி இறங்கியது. மற்றதில் அதற்கு நேர் எதிராக இறங்கி ஏறியது. பட்டையின் தெளிவு 98 சதவீதத்துக்கும் மேல். ஆக, பிரியாத அதே ஃபோட்டான்தான் இரண்டு பாதையின் நீளத்துக்கும் கட்டுப்படுகிறது. ஒரு பாதையில் மட்டும் போயிருந்தால் மற்றப் பாதையின் நீளம் அதற்கு எதற்கு? இந்த இரண்டு முடிவையும் சேர்த்துப் படித்தபோதுதான் எனக்கு இந்த விஷயம் உள்ளே இறங்கியது.

இனி உன் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். எந்த வழி என்ற தடயத்தைப் பதித்தால் என்ன ஆகும்? இதற்கும் வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு தாள் மூன்று துண்டு வேண்டும். கன்னியாகுமரி கடற்கரைக் கடைகளில் தொங்கும் கூலிங் கிளாஸ்களில் சிலவற்றில் அசல் போலராய்டு இருக்கலாம். கால்குலேட்டரின் திரையைப் பார்த்தபடி கண்ணாடியைச் சுழற்றிப் பார், ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போனால் அசல். முடிக்குப் பதிலாக மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, அதன் இடப் பக்கம் ஒரு துண்டு, வலப் பக்கம் ஒரு துண்டு, இரண்டின் விளிம்பும் கம்பியிலேயே முடியும்படி ஒட்டு. இடது துண்டு குறுக்குவாட்டுத் தளத்தில் ஒளியை விட வேண்டும், வலது துண்டு செங்குத்துத் தளத்தில். லேசரைச் சுழற்றி இரண்டு பக்கமும் ஒரே பிரகாசம் வரும்படி செய்துகொள், ஏனென்றால் பாயிண்டரின் ஒளியே பெரும்பாலும் ஒரு தளத்தில் முனைவாக்கப்பட்டிருக்கும்.

இப்போது கம்பியின் நிழலுக்குள் இருந்த குறுக்கீட்டுப் பட்டைகள் போய்விடும். எந்தப் பக்கத்து ஒளியையும் முழுசாகத் தடுக்கவில்லை, எந்தக் கருவியும் பார்க்கவில்லை. இடது வழி வந்த ஒளியும் வலது வழி வந்த ஒளியும் தனித்தனி அடையாளத்தோடு வருகின்றன, அவ்வளவுதான். அடுத்து, சுவருக்கு முன்னால் மூன்றாவது போலராய்டை 45 டிகிரி சாய்த்துப் பிடி. பட்டைகள் திரும்பி வரும்! 45 டிகிரியில் வெளியே வரும் ஒளியைப் பார்த்து அது இடமா வலமா என்று யாராலும் சொல்ல முடியாது, தடயம் அழிந்துவிட்டது. அதே தாளை எதிர்ப்பக்கம் 45 டிகிரி சாய்த்தால் மறுபடியும் பட்டைகள் வரும், ஆனால் முன்பு வெளிச்சம் இருந்த இடத்தில் இருட்டு, இருட்டு இருந்த இடத்தில் வெளிச்சம். இரண்டு படத்தையும் கூட்டினால் பட்டையே இல்லாத வெறும் வெளிச்சம். இந்தக் கடைசி வரியை மறந்துவிடாதே, கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

லேசரை வைத்துச் செய்யும்போது இதெல்லாம் மாக்ஸ்வெல்லின் அலைக் கோட்பாட்டிலேயே விளங்கிவிடும். குவாண்டம் எங்கே வருகிறது என்றால், ஒரு நேரத்தில் ஒரு ஃபோட்டானை மட்டும் விட்டாலும், சுவரில் விழும் ஒற்றைப் புள்ளிகள் சேர்ந்து சேர்ந்து இதே படங்களைத்தான் வரைகின்றன. தடயம் அரைகுறையாக இருந்தால் பட்டையும் அரைகுறை. இதற்குத் துல்லியமான வரம்பு உண்டு: வழியைப் பிரித்தறியும் அளவின் வர்க்கமும் பட்டைத் தெளிவின் வர்க்கமும் கூடினால் 1ஐத் தாண்டாது. வழியைப் பிரித்தறியும் அளவு 0.9 என்றால் பட்டைத் தெளிவு அதிகபட்சம் 0.44. அலை அல்லது துகள் என்று சுவிட்ச் போட்ட மாதிரி மாறுவதில்லை என்பதற்கு இந்தச் சூத்திரமே சாட்சி.

ஃபோட்டான் உள்ளே நுழையும்போதே ஏதோ ஒன்றை முடிவு செய்துகொண்டு வருகிறதோ என்று உனக்குச் சந்தேகம் வரலாம். ஜான் வீலர் இதே கேள்வியை 1978இல் எழுப்பினார். நுழைந்த பிறகு அமைப்பை மாற்றினால்? 2007இல் பிரான்சில் ஜாக் என்பவரும் ரோக், கிராஞ்சியே, அஸ்பே உள்ளிட்ட குழுவினரும் அதைச் செய்தார்கள். வைரத்தில் உள்ள ஒற்றை நிறமையம், அதாவது ஒளி உமிழும் ஒரு படிகக் குறை, ஒவ்வொன்றாக ஃபோட்டானை அனுப்பியது. பாதையின் நீளம் 48 மீட்டர், அதாவது நம் வள்ளுவர் சிலையின் உயரத்தைவிடச் சில மீட்டர் அதிகம். ஒளிக்கு அதைக் கடக்க 160 நானோநொடி. ஃபோட்டான் உள்ளே போன பிறகு, குருட்டுவாக்கில் எண் உருவாக்கும் ஒரு கருவி கடைசியில் இரண்டு பாதையையும் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தது. சேர்த்தபோது 94 சதவீதத் தெளிவோடு பட்டை, சேர்க்காதபோது வழி தெளிவாகத் தெரிந்தது. நுழையும்போதே அலை வேடமா துகள் வேடமா என்று ஃபோட்டான் தேர்ந்தெடுக்கிறது என்ற எண்ணம் இதோடு ஆட்டம் கண்டுவிட்டது.

இதைச் சொல்லிவிட்டு, “எதிர்காலம் கடந்த காலத்தை மாற்றுகிறது” என்று பரபரப்பாகப் பேசுபவர்கள் உண்டு. குறிப்பாக 2000ஆம் ஆண்டு யூன்-ஹோ கிம்மும் ஷி, ஸ்கல்லி முதலியோரும் வெளியிட்ட தாமத அழிப்புச் சோதனையைக் காட்டுவார்கள். அதில் ஜோடி ஃபோட்டான்களில் ஒன்று முதலில் பதிவாகிவிடும், மற்றதன் தடயம் அதற்குப் பிறகுதான் அழிக்கப்படும் அல்லது விடப்படும். ஆனால் முதலில் பதிவான புள்ளிகளை மட்டும் மொத்தமாகப் பார்த்தால் எப்போதுமே பட்டை கிடையாது. இரண்டாவது ஃபோட்டான் எந்தக் கருவியில் விழுந்தது என்ற பட்டியலை வைத்து அந்தப் புள்ளிகளைப் பிரித்தால்தான் ஒரு குவியலில் பட்டையும், இன்னொரு குவியலில் அதற்கு எதிர்ப்பட்டையும் தெரியும். மறந்துவிடாதே என்றேனே, கூட்டினால் வெறும் வெளிச்சம். நேற்றைக்குச் செய்தி அனுப்ப இதில் வழியே இல்லை.

நம் நாட்டவர்களின் பங்கும் இதில் சிறிதல்ல. சி. வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறிந்த ஒளிச்சிதறலில் ஃபோட்டான் மூலக்கூறோடு ஆற்றலைக் கொடுத்து வாங்குவது நிறமாற்றமாகவே தெரிந்தது. 1991இல் பார்த்தா கோஷ், திபங்கர் ஹோம், கிரிஷ் அகர்வால் மூவரும், ஜகதீஷ் சந்திர போஸ் 1897இல் நுண்ணலைகளை வைத்துச் செய்த இரட்டைப் பட்டகச் சோதனையை ஒற்றை ஃபோட்டானால் செய்யலாம் என்று முன்மொழிந்தார்கள். ஜப்பானில் அதைச் செய்தும் பார்த்தார்கள், எண்ணிக்கை போதாது என்ற விமர்சனம் பிறகு வந்தது. பிறகு பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய உர்பசி சின்ஹா, 2010இல் கனடாவில் மூன்று பிளவுகளை வைத்து அளந்தார். பாதைகள் இரண்டிரண்டாகத்தான் குறுக்கிடுகின்றன, மூன்றும் சேர்ந்து புதிதாக எதுவும் வருவதில்லை என்பதை நூற்றில் ஒரு பங்குத் துல்லியத்துக்குள் காட்டினார்.

1927இல் ஐன்ஸ்டீன், இயற்பியலாளர் நீல்ஸ் போரிடம் ஒரு மடக்குக் கேள்வி போட்டிருந்தார். பிளவையே ஃபோட்டான் தள்ளும்போது அந்தத் தள்ளலை அளந்தால் வழியும் தெரியும், பட்டையும் கிடைக்குமே என்று. இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்றார் நீல்ஸ் போர். 2025இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கெட்டர்லேயின் குழு ஒற்றை அணுக்களையே பிளவுகளாக வைத்து இதைச் சோதித்தது. அணுவை லேசாகப் பிடித்திருந்தால் அது தடயத்தை அதிகம் வாங்கிக்கொள்கிறது, பட்டை மங்குகிறது. இறுக்கிப் பிடித்தால் தடயம் குறைகிறது, பட்டை தெளிகிறது. நீல்ஸ் போர் சொன்னபடியே.

இவ்வளவுக்குப் பிறகும் தீராத ஒன்று இருக்கிறது. பரவிப் போன ஃபோட்டான் ஏன் குறிப்பாக இந்தப் புள்ளியில் விழுந்தது, பக்கத்துப் புள்ளியில் ஏன் விழவில்லை? குவாண்டம் இயற்பியல் வாய்ப்பை மட்டும்தான் சொல்கிறது. அதற்குமேல் காரணமே இல்லை என்பது ஒரு கட்சி. மறைந்திருக்கும் வழிகாட்டி அலை உண்டு என்பது டி பிராயும் போமும் போட்ட பாதை. எல்லா முடிவும் தனித்தனி உலகங்களில் நடக்கிறது என்பது 1957இல் எவரெட் சொன்னது. நான் மேலே சொன்ன எல்லாச் சோதனைகளுக்கும் மூன்றும் ஒரே எண்களைத்தான் தருகின்றன. எனக்கு முதல் கட்சிப் பக்கம் சாய்வு உண்டு, ஆனால் அதை உன்மேல் திணிக்க மாட்டேன்.

பரீட்சைத்தாளில் “ஒளி பரவும்போது அலைப்பண்பையும், பொருளோடு ஆற்றலைப் பரிமாறும்போது துகள்பண்பையும் காட்டுகிறது” என்று எழுது, மதிப்பெண் போகாது. கம்பியும் போலராய்டும் வைத்துச் செய்து பார்க்கும்போது அறையை நன்றாக இருட்டாக்கிக்கொள். பட்டை சரியாகப் பிரியவில்லை என்றால் இன்னும் மெல்லிய கம்பி எடு, அல்லது சுவரிலிருந்து தள்ளிப் போ. எந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டாய் என்று எழுதினால் அங்கிருந்து தொடர்கிறேன்.